இருபத்தைந்துக்கு ஒன்று

பதினொன்றாம் எண் புல்வெட்டி
லோரியின் பின்தட்டில் படுத்துக்கொண்டு வந்தது.
யீஷூன் புளோக் ஒன்றின் பின்சரிவில்
பாதிப் புல் அப்படியே நிற்கிறதாம்.
நகர மன்றத்துக்கு இரண்டு தொலைபேசி:
காலையில், சத்தம் தாங்கவில்லை என்று.
மாலையில், ஏன் பாதியில் விட்டீர்கள் என்று.

கயிறு வரவில்லை.
ஒரு விரற்கடை வந்து
உள்ளே யாரோ பிடித்துக்கொண்டது போல் நின்றது.

சுங்கை காடுட் பட்டறையில்
நான் முதலில் விசாரிப்பது ஆளை அல்ல, பிளக்கை.
கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால்
என்ன குடித்தது என்று சொல்லிவிடும்.
கோப்பி-ஓ கறுப்பா?
காற்று வடிகட்டியை யாரோ கழுவவில்லை.
பால் ஊற்றிய தே நிறமா?
ஒன்றும் செய்யாதே, துடைத்து மாட்டு.
இது வெளுத்துக் கிடந்தது.
நுனியில் அலுமினியப் பொடி,
திருநீறு சிந்தினாற்போல.

புகைக்குழலை எடுத்துவிட்டு
துளைவழியே டார்ச் அடித்தேன்.
பிஸ்டனின் விலாவில் நெடுக்காகக் கோடுகள்.
பூனை வளர்ப்பவர் வீட்டு சோபா.

மொஃபசல் பக்கத்தில் நின்றான்,
புருவத்தில் புல் துணுக்கோடு.
"சத்தம் மெலிசாச்சு அக்கா.
அப்புறம் கத்துச்சு.
அப்புறம் இல்ல."
இதைவிடச் சரியாக
எந்தக் கையேடும் எழுதியதில்லை.

கண்ணாடி அறைக்குள் மிஸ்டர் கோ
கால்குலேட்டரைத் தட்டினார்.
புது இயந்திரம், வகுத்தல் மூன்று.
மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்.
மொஃபசல் தலையாட்டினான்.
எதற்கும் ஆட்டும் அதே ஆட்டல்.

டாங்கில் மிஞ்சியதை
ஜாம் போத்தலில் வடித்துப் பார்த்தேன்.

தள்ளிக்கொண்டு போகும் பெரிய இயந்திரத்துக்கு
எண்ணெய் வைக்கத் தனி வயிறு உண்டு.
தோளில் தொங்கும் இதற்குக் கிடையாது.
பெட்ரோலில் கலந்து ஊட்டினால்தான் உண்டு,
ஐந்து லிட்டருக்கு இருநூறு மில்லி.
எண்ணெய் நீலம். கலந்தால் போத்தலில்
சொட்டுநீலம் விட்ட தண்ணீராய்த் தெரிய வேண்டும்.

தெரியவில்லை.
போத்தலுக்கு அப்பால் கிடந்த ஸ்பேனரின் எண்
பளிச்சென்று தெரிந்தது.

கேன் இரண்டு. இரண்டும் சிவப்பு.
ஒன்றின்மேல் 'கலவை' என்று நான்தான் எழுதினேன்.
வழிந்து வழிந்து
அந்தச் சொல்லைப் பெட்ரோலே தின்றுவிட்டிருந்தது.
மார்க்கர் வாங்க வேண்டும் என்று
மார்ச்சிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினேன்.
6.40. பதினொன்று. நிரப்பியவர்:
என் கையெழுத்து, வால் நீண்ட 'ள'.
மழை இருட்டிக்கொண்டு வந்தது அன்று,
லோரிக்காரர் ஹார்ன்மேல் கையை வைத்திருந்தார்.
வாசனையிலேயே சொல்வேன் என்று
பத்தொன்பது வருடமாய்ப் பீற்றிக்கொண்ட மூக்கு
அன்று அடைத்திருந்தது.
இதெல்லாம் காரணம் இல்லை.
இருந்தும் ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்தேன்,
கண்ணாடி அறை வரை பதினாறு எட்டு.

"யார், நீங்களா?" என்றார் கோ.
போத்தலை மேசையில் வைத்தேன்.
அவர் அதே தொகையை மீண்டும் தட்டி
இம்முறை ஆறால் வகுத்தார்.
பழைய ஆள் என்ற மரியாதை.

வெளியே வந்து மொஃபசலிடம்
சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
தமிழில் பாதி, மலாயில் பாதி,
மீதி கையால்.
அவன் திட்டியிருக்கலாம்.
"நாளைக்கு நாலாம் நம்பர் தாங்க அக்கா,
அது வார் தோளை அறுக்காது" என்றான்.

அன்றிரவு
ஒரு கேனுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தேன்.
கோணலாக வந்தது, அடிப்பக்கம் இன்னும் சிவப்பு.

காலையில் நான் நீட்டிய மஞ்சள் கேனை
மொஃபசல் உடனே ஊற்றவில்லை.
என் ஜாம் போத்தலைத் தேடி எடுத்தான்.
கொஞ்சம் வடித்தான்.
கிழக்குப் பக்கம் தூக்கிப் பிடித்து
ஒரு கண்ணை மூடி
நீலம் இருக்கிறதா என்று பார்த்தான்.

பார்க்கட்டும்.
நான் திரும்பிக்கொண்டு
சுத்தமாய் இருந்த வடிகட்டி ஒன்றை
மறுபடி கழுவினேன்.